மாட்டுக் கொட்டகையில் எஞ்சின்

செல்லம்மாள் டம்ளரில் மண்ணைப் போட்டு விரலால் கலக்கினாள். கலங்கல் கொஞ்சம் தெளிந்ததும் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வாயக் கொஞ்சம் புடி மரகதம்" என்றாள்.

மரகதம் பிடிக்கவில்லை. நிலைப்படியில் சாய்ந்து நின்றபடியே கேட்டாள்.

"அது எந்த நெலத்து மண்ணு அண்ணி?"

"நம்ம கொல்லமேட்டு மண்ணுதான். விடிஞ்சதும் நானே போயி எடுத்தாந்தேன்."

"நம்ம கொல்லமேடுன்னு இப்ப எதுவும் இல்ல. வித்து மூணு வருசம் ஆவுது. ப்ளாட்டு போட்டு, எவனோ மெட்ராஸ்காரன் வாங்கி கல்லு நட்டு வெச்சிகீறான். அவன் மண்ண கரைச்சி இவரு வாயில ஊத்துனா அவனுக்குத்தான் உசுரு போவும்."

"பேசற நேரமாடி இது?"

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த மோகன், தன் அம்மா மரகதத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தானே அப்பாவின் தாடையைப் பிடித்தான். செல்லம்மாள் இரண்டு ஸ்பூன் ஊற்றினாள். ஒன்று உள்ளே போனது. இன்னொன்று, பக்கவாதத்தில் விழுந்துபோன இடது பக்க வாயோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. மூன்று பேரும் கோதண்டத்தின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அது ஏறியது, இறங்கியது. எண்ணெய் காணாத ராட்டினம் சுற்றுகிற மாதிரி அந்தச் சத்தம் தொண்டையிலிருந்து வந்துகொண்டேதான் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இனி ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று வியாழக்கிழமை அனுப்பிவிட்டார்கள். இன்று ஞாயிறு. போகிற உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருந்தால் அது எதன் மேலோ ஆசை வைத்துச் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எதன் மேல் என்று கண்டுபிடித்து அதைக் கரைத்து வாயில் ஊற்றிவிட்டால் நிம்மதியாகப் போய்விடும். சேரப்பணஞ்சேரியில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆளாளுக்குப் பால் ஊற்றினார்கள். நேற்று மரகதத்தின் காதிலிருந்த கம்மலைக் கழற்றச் சொல்லி, கல்லில் உரசி, அந்தத் தண்ணீரை ஊற்றினார்கள். உரசிய கம்மலை அவளிடம் திருப்பிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இனி எதற்கு அவளுக்குக் கம்மல் என்று நினைத்திருப்பார்கள். காதில் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டு நின்றாள் மரகதம்.

செல்லம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோதண்டத்துக்கு நேர் மூத்தவள் அவள். தம்பியின் மனசு தனக்குத்தான் தெரியும் என்று ஐம்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

"மண்ணும் இல்ல, பொன்னும் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். "வண்டிடா மோகனு. என் தம்பிக்கு வண்டி மேலதான் ஆச. கொட்டகையில கீற அந்த இஞ்சின மாட்டி, அது சத்தத்த ஒரு தபா கேட்டான்னா போதும். பூ மாதிரி போயிடுவான்."

மோகன் முகத்தில் உடனே ஒரு வெளிச்சம் வந்ததை மரகதம் பார்த்தாள். பெற்ற பிள்ளை. அவனுக்கும் அது சரியாகவே பட்டுவிட்டது.

"ஆமா அத்த. அதான். நம்ம யாருக்கும் தோணல பாரு. டில்லிபாபு அண்ணன கூப்டுகினு வரேன்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மரகதம் அப்படியே நின்றாள். முப்பத்தோரு வருஷம் ஒருத்தி இந்த ஆளுக்கு ஆக்கிப் போட்டிருக்கிறாள், துணி துவைத்திருக்கிறாள், இரண்டு பெற்றிருக்கிறாள். மண்ணாசை என்றார்கள், பொன்னாசை என்றார்கள், கடைசியில் ஓட்டை பிக்கப் வண்டி மேல் ஆசை என்றார்கள். பெண்டாட்டி மேல் இருக்குமோ என்று ஒரு பேச்சுக்காவது ஒருத்தர் வாயில் வந்ததா? வரவில்லை. வராதது நியாயம்தான் என்று அவளுக்கே தெரிந்திருந்ததால் கோபம் இன்னும் கூடுதலாக வந்தது.

அவள் அவனோடு பேசி நாற்பது நாள் ஆகிறது.

ஆனி மாசக் கடைசியில் மகள் ரஞ்சனிக்கு இரண்டாவது பிரசவம். குன்றத்தூரில் மகள் வீட்டில் பதினைந்து நாள் இருந்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, பத்தியம் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள் மரகதம். பையை வாசலில் வைத்துவிட்டு நேராக மாட்டுக் கொட்டகைக்குத்தான் போனாள். அவளுடைய செவலைப் பசுவும் கன்றும் அங்கே இல்லை. செவலை நின்ற இடத்தில், இரண்டு பழைய டயர்களின் மேல், செவலைக்குப் போர்த்துகிற கோணிச்சாக்கையே போர்த்திக்கொண்டு, மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் வாங்கிவந்த டீசல் எஞ்சின் ஒன்று உட்கார்ந்திருந்தது. கழுநீர்த் தொட்டியில் நட்டும் போல்ட்டும் ஊறிக்கொண்டிருந்தன.

கோதண்டம் பின்னாலேயே வந்து நின்றான். கொத்தவால்சாவடிச் சந்தைக்கு இந்தப் பக்கத்துக் காய்கறியெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற பெட்ரோல் வண்டி அவனுடையது.

"கோச்சிக்காத மரகதம். எவனோ எங்கியோ சண்ட போட்டானுங்கன்னு பெட்ரோல் வெல எங்கியோ போயிடிச்சி. ஓட்டி கட்டுப்படி ஆவல. டீசலு போட்டுட்டா பாதி செலவுதான். இதுவும் கறக்கும் பாரு" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் சொல்லவில்லை. கேட்காமல் விற்றான் என்பது ஒன்று. பெண்ணின் பிரசவத்துக்குப் போன நேரம் பார்த்து விற்றான் என்பது அதைவிடப் பெரிசு. இருந்திருந்தால் கயிற்றை விட்டிருக்க மாட்டாள், அது அவனுக்கும் தெரியும்.

பேச்சில்லாமல் குடும்பம் நடத்த ஒரு முறை வந்துவிட்டது. தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, டம்ளரால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். சோறு. ஒரு தட்டு என்றால் காப்பி. வண்டிக்கு அடியில் இருந்தாலும் கிணற்றடியில் இருந்தாலும் அவன் எழுந்து வருவான். சுவரைப் பார்த்து, "கொழம்புல இன்னிக்கி உப்பு சரியாகீது" என்பான். காக்காவைப் பார்த்து, "எத்தினி நாளிக்கிதான் இப்டி" என்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கோபத்தில் ஒரு ருசி இருந்தது. இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவளுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். காக்கட்டும் என்று விட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வந்த மோகன்தான் பார்த்தான். வண்டிக்கு அடியில் அப்பா கையில் ஸ்பானரோடு கிடந்தார். பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "ஒரு மணி நேரம் முன்னால கொண்டுவந்திருக்கலாமேம்மா" என்றார். கேள்வியாகக்கூட இல்லை, சும்மா சொன்னார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மரகதம் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமையிலிருந்து செல்லம்மாள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்: "ஒரு வார்த்த பேசுடி அவன்கிட்ட. காது மட்டும் கேக்கும்னு டாக்டரே சொல்லிகீறாரு." மரகதம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் அந்த ஒரு மணி நேரம்தான் வந்து விழும்.

டில்லிபாபு எட்டரைக்கு வந்தான். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். எஞ்சின் வாங்கப் புதுப்பேட்டைக்குக் கூடப் போனவனும் அவன்தான் என்பதால் மரகதத்துக்கு அவனையும் பிடிக்காது. அறைக்குள் வந்து கோதண்டத்தைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"அண்ணன் பெரும்பாலும் முடிச்சிட்டுதான் வெச்சிகீறாருக்கா. பழச எறக்கியாச்சி. மவுண்டிங்கு வெல்டிங்கும் போன வாரமே ஆச்சி. எறக்கி மாட்ட வேண்டியதுதான். சாயங்காலத்துக்குள்ள ஓட விட்டுரலாம்."

"ஓட விடு" என்றாள் மரகதம். "ஒட்டுக்கா எல்லாரும் சேந்து ஓட விடுங்க."

அவன் என்ன அர்த்தம் என்று தெரியாமல் வெளியே போனான்.

ஆவணி முகூர்த்த நாள். தெருவில் பாதிப் பேர் படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். காலையில் எட்டிப் பார்த்த மீதிப் பேரும் இன்னும் போகவில்லையா என்கிற முகத்தோடு திரும்பிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரி ரஞ்சனி நேற்றே வந்து பார்த்து அழுதுவிட்டுக் குன்றத்தூர் திரும்பியிருந்தாள். இரும்புக் குழாய் மூன்றை முக்காலி போல் நிறுத்தி, அதில் செயின் பிளாக்கை மாட்டி, டில்லிபாபுவும் மோகனும் எஞ்சினைக் கொட்டகையிலிருந்து பலகை மேல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மரகதம் கோதண்டத்தின் உதட்டைப் பஞ்சால் நனைத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சங்கிலி கடகடவென்று இழுபட எஞ்சின் தரையை விட்டுக் கிளம்பி ஆடியது. செல்லம்மாள் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அதைச் சுற்றி வாசலில் நசுக்கினாள். எஞ்சினுக்குத் திருஷ்டி. மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசியைக் களைந்து போட்டாள். கத்திரிக்காயை அரிந்தாள். செல்லம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப போயி இன்னாத்துக்குடி அடுப்பு?"

"பசிக்கும் இல்ல."

"எப்ப வேணா ஆவும். சாவு வூட்ல ஒல கொதிக்கக் கூடாது."

"இன்னும் சாவு வூடு ஆவல அண்ணி. ஆனப்பறம் அணைச்சிக்கலாம்."

செல்லம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஆனால் அவள் சொன்னதிலும் கணக்கு இருந்தது. உயிர் போய்விட்டால் அதோடு அடுப்பை அணைத்துவிட வேண்டும். உடம்பை எடுக்கிறவரை வீட்டில் யாரும் வாயில் சோறு வைக்கக்கூடாது. ஆரணியிலிருந்து பங்காளிகள் வந்து சேர, எப்படியும் நாளை சாயங்காலம் ஆகிவிடும். கொள்ளி வைக்க வேண்டிய மோகன் நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் டீதான் குடித்தான். கேட்டால், "வேல முடியட்டும்மா" என்கிறான். அப்பாவை அனுப்புகிற வேலையில் பிள்ளைக்கு என்ன ஒரு சுறுசுறுப்பு என்று மனசு சொன்னது. சொன்னதும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நாளைக்கு முதல் ஷிப்டுக்கு வரவில்லையென்றால் சூப்பர்வைசர் பேரை வெட்டிவிடுவான் என்று அவன் நேற்று டில்லிபாபுவிடம் சொல்லி அழுததை அவள் கேட்டிருந்தாள்.

சோறு வடித்துவிட்டு வந்து கூப்பிட்டாள். மோகன் தலை எஞ்சினுக்குள் இருந்தது. "தோ ஆச்சிம்மா" என்றான். அந்த "தோ" மூன்றரை வரைக்கும் வந்தது.

மூன்றரைக்குக் கையெல்லாம் கறுப்பாக உள்ளே வந்தான்.

"அம்மா, சாவி."

வண்டிச் சாவியைக் கோதண்டம் ஆணியில் மாட்டுகிற ஆள் இல்லை. அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பான். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது அங்கேதான். ஆஸ்பத்திரியிலும் யாரும் அவிழ்க்கவில்லை. மோகன் போர்வையை விலக்கிவிட்டுக் கையிலிருந்த கட்டரைக் கொண்டுபோனான்.

"எட்டப் போடா" என்றாள் மரகதம். "உசுரோட கீற ஆளு அரைஞாண எவனாவது அறுப்பானா? அவ்ளோ அவசரம் உனுக்கு?"

"ஐயோ, முடிச்சி அவுக்க வரலன்னுதாம்மா..."

"நகரு."

அவள் குனிந்து முடிச்சைத் தேடினாள். வியர்வையிலும் எண்ணெயிலும் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினாள், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். நாற்பது நாளைக்கப்புறம் அவன் இடுப்புக்கு இவ்வளவு கிட்டத்தில் அவள் முகம். ஆஸ்பத்திரி டெட்டால் நாற்றத்துக்கு அடியில் அவனுடைய பழைய கிரீஸ் நாற்றம் இன்னும் இருந்தது. சாவி அவன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகக் கையில் விழுந்தது. அதை மோகன் கையில் கொடுத்தாள்.

டில்லிபாபு டீசலைக் கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றினான். முதல் தடவை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் இருமிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். செல்லம்மாள் தம்பியின் காதோரம் குனிந்து, "ஆச்சிடா கண்ணு, தோ ஆச்சி" என்றாள். மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது.

வீடே அதிர்ந்தது. பெட்ரோல் வண்டியின் பூனைச் சத்தத்துக்குப் பழகிய சுவர்கள். தடதடவென்று ஜன்னல் கம்பிகள் நடுங்கின, அலமாரியில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. கறுப்புப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மோகன் ஓடிவந்து அப்பாவின் காலருகே நின்றான். டில்லிபாபு வாசற்படியில் நின்றான். செல்லம்மாள் தம்பியின் தலையைத் தடவி, சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"கேக்குதாடா தம்பி? உன் வண்டிடா. போயிட்டு வாடா. ஒண்ணும் கொற இல்ல, போயிட்டு வா."

கோதண்டத்தின் வலது கண் திறந்தது. கண் ஜன்னல் பக்கம் போகவில்லை. கூரையைப் பார்த்தது, செல்லம்மாளைப் பார்த்தது, மோகனைப் பார்த்தது, யாரையோ தேடுவது மாதிரி அலைந்துவிட்டு மூடிக்கொண்டது. நெஞ்சு ஏறியது, இறங்கியது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அவன் போகவில்லை.

"ஆக்சிலேட்டர் குடுத்துப் பாருடா" என்றாள் செல்லம்மாள். டில்லிபாபு போய்க் கொடுத்தான். புகை வந்ததுதான் மிச்சம்.

மோகன் முகம் தொங்கிப் போயிற்று. "நிறுத்திரலாம்ணா" என்று வெளியே போய்ச் சாவியைத் திருப்பினான். வண்டி ஓடிக்கொண்டேயிருந்தது. சாவியை உருவியே விட்டான், அப்போதும் ஓடியது. அவன் கையிலிருந்த சாவியைப் பயத்தோடு பார்த்தான்.

"டீசலுடா மோகன், சாவிக்கு நிக்காது" என்றான் டில்லிபாபு. "பம்புல லீவர் கீது, கையால தள்ளுனாதான் நிக்கும். அதுக்கு ஒயர் இன்னும் இழுக்கல. இரு, கொஞ்சம் ஓடட்டும், செட் ஆவட்டும்."

செல்லம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து கையைக் கன்னத்தில் ஊன்றி யோசித்தாள். "பின்ன எது மேலதான் ஆச வெச்சிகினு கீறான்? கொத்தவால்சாவடி மேலயா? அங்க இருந்து ஒரு..."

மரகதத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க."

"இன்னாடி..."

"போங்கன்றன் இல்ல. ஊத்துனது போதும், கொளுத்துனது போதும். பொக உள்ள வருது, மூச்சு முட்டுது அவருக்கு. நான் கதவ சாத்தணும். போங்க அண்ணி."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டுச் செல்லம்மாள் எழுந்துகொண்டாள். மோகனும் போனான். மரகதம் கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் சத்தம் குறையவில்லை. கட்டில் சட்டத்தில் கை வைத்தால் கையே அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் உள்ளே ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒருவருக்கும் கேட்காது. அது புரிந்ததும்தான் அவள் வாய் திறந்தது.

"இன்னாய்யா வேணும் உனுக்கு?" என்றாள். "இன்னாதான் வேணும்? மண்ணு குடுத்தாச்சி, பொன்னு குடுத்தாச்சி, உன் எழவு வண்டியும் கத்துது பாரு. என் செவலைய வித்து வாங்குன இல்ல, நல்லா கேளு. கறக்கும்னு சொன்னியே. கறந்துச்சா? சொல்லு, இன்னா கறந்துச்சி?"

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பன்யா. கேட்டியா? பொண்ணு வூட்டுக்கு அனுப்பிட்டுத் திருடன் மாதிரி ஓட்டிவுட்டுட்ட. அது கன்னுகுட்டியோட போச்சே, வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துச்சா? அதயாவது சொன்னியா எங்கிட்ட? நான் பேசலன்னா நீ பேசக் கூடாதா? செவுத்துகிட்ட சொல்ற, காக்காகிட்ட சொல்ற. என் மொகத்தப் பாத்து, வித்தது தப்புடி மரகதம்னு ஒரு வார்த்த. அதுக்குத்தான்யா நாப்பது நாளு வாயக் கட்டிகினு இருந்தன்."

மூச்சு வாங்கியது. பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்தாள்.

"செவ்வாக்கெழம ரெண்டர மணி இருக்கும்" என்றாள். குரல் தணிந்துவிட்டது, அவளுக்கே கேட்காத அளவுக்கு. "ரெண்டு மணிக்கே சோறு போட்டு மூடி வெச்சிட்டன். ரெண்டு தட்டு தட்டுனன். நீ வரல. வீம்பு பண்றான்னு நெனச்சன். கெணத்துக்குப் போவ சொல்ல பாத்தன். காலு ரெண்டும் வண்டிக்கு வெளிய நீட்டிகினு கெடந்த. எப்பவும் அப்படித்தான கெடப்ப. தண்ணி மொண்டுகினு திரும்ப வர சொல்லவும் பாத்தன், காலு அதே எடத்துலதான் கீது. இன்னாடா அசையலயேன்னு தோணிச்சி. தோணிச்சிய்யா எனுக்கு. ஒரு சத்தம் குடுக்க எவ்ளோ நேரம் ஆவும்? வாய் வரிக்கும் வந்துச்சி. நம்ம முதல்ல பேசிட்டா தோத்துப் போயிடுவோமேன்னு, அப்பிடியே கொடத்த தூக்கிகினு உள்ள வந்துட்டன். வந்து திரும்பவும் ரெண்டு தட்டு தட்டுனன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்கும் தெரியாது. உனுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் போவ சொல்ல என் காலு கொலுசு சத்தம் கேட்டிருக்கும் இல்ல உனுக்கு? ரெண்டு தபா கேட்டிருக்கும். இவ கூப்புடுவான்னு பாத்துகினு கெடந்தியா? சண்டாளி போயிட்டான்னு நெனச்சியா? திட்டுய்யா. எழுந்து ஒரு தபா திட்டிட்டுப் போ. செல்ப் எடுக்காத வண்டிய திட்டுவியே, அந்த மாதிரி திட்டு."

அவள் அவனுடைய அசைகிற கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். நகக்கண்களில் கிரீஸ் இன்னும் இருந்தது. அதைத் தன் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். எடுத்துக்கொண்டே பேசினாள். ரஞ்சனி பிள்ளைக்கு மூக்கு இவனுடைய மூக்கு என்றாள். கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருக்கிறாள் என்றாள். உன் பிள்ளையும் உன்னை மாதிரிதான், பத்துத் தடவை கூப்பிட்டாலும் வண்டியை விட்டு வரமாட்டேன் என்கிறான் என்றாள். மோட்டு வளையில் ஓடு ஒன்று விலகியிருக்கிறது, மழை வந்தால் ஒழுகும், அதைப் பார்க்க உனக்கு நேரமில்லை என்றும் திட்டினாள். கட்டைவிரலில் தொடங்கியவள் சுண்டுவிரலுக்கு வந்துவிட்டாள்.

"எழுந்து வாய்யா" என்றாள். "சோறு ஆறிப் போவுது. சாப்ட வா."

சுண்டுவிரல் நகமும் சுத்தமான பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். நெஞ்சைப் பார்த்தாள். எஞ்சின் சத்தத்தில் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். மூக்கருகே புறங்கையை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எப்போது போனான், எந்தப் பேச்சில் போனான் என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டி அதைக்கூட அவளுக்குக் கேட்கவிடவில்லை.

வாயோரத்தில் காய்ந்திருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள். பாதி திறந்திருந்த வலது கண்ணை மூடினாள். அறுத்துக்கொண்டு வந்த அழுகையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தொண்டைக்குள்ளேயே நிறுத்தினாள். போர்வையைக் கழுத்துவரை, தூங்குகிறவனுக்குப் போர்த்துகிற மாதிரி இழுத்துவிட்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

செல்லம்மாள் வாசலிலிருந்து எழுந்து வந்தாள். "எப்டி கீது?"

"தூங்கறாரு. பொக போவட்டும், யாரும் கதவ தொறக்காதீங்க."

நேராக அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் கடைசித் தணல் இருந்தது. அதில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். உஸ் என்று அணைந்தது. மூன்று தட்டுகளை எடுத்துக் கூடத்தில் வரிசையாக வைத்தாள். சோற்றைப் போட்டாள், நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினாள். டம்ளர்களில் தண்ணீர் மொண்டு ஒவ்வொரு தட்டோடும் ஒட்டி வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"மோகனு. சாப்ட வா."

மோகன் திரும்பிப் பார்த்தான். அம்மா இவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டு அவன் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

"இருக்கட்டும்மா, வண்டிய நிறுத்திட்டு..."

"ஓடட்டும். நீ முதல்ல கைய கழுவிகினு வா. டில்லி, நீயும் வா. அண்ணி, நீங்களும் உக்காருங்க."

"அப்ப லீவர தள்ளிட்டே வரட்டாக்கா?" என்றான் டில்லிபாபு.

"சாப்ட்டு முடிக்கிற வரிக்கும் எவனும் அதுல கைய வெக்கக் கூடாது" என்றாள் மரகதம். வண்டி நின்றால், உள்ளே அந்தத் தொண்டைச் சத்தம் இல்லாதது கூடத்துக்குத் தெரிந்துவிடும்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையைக் கழுவப் போனான். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மோகன் முதல் இரண்டு கவளம் யோசித்து யோசித்துச் சாப்பிட்டான். பிறகு பசி அவனைப் பிடித்துக்கொண்டது. தலையைக் குனிந்து வேகவேகமாக அள்ளினான். அவள் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மரகதம் சாத்திய கதவில் முதுகை வைத்துக்கொண்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் வண்டி தடதடத்தது. தரை அதிர்ந்தது. மோகனின் பக்கத்திலிருந்த டம்ளர் அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோய், தட்டின் விளிம்பில் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது.